அட்டை போட்ட காதல் கதை

ஆமாம்மா லீனா, உன் புத்தகந்தான். நான் ஒண்ணும் திருடல, உங்கப்பா குடுத்தாரு. ஸ்வல்ப நேரம் உக்காரு, இப்பதானே ஆபீஸ்லருந்து வந்த? அப்பா பன்னு வாங்கப் போயிருக்காரு, மெதுவாத்தான் வருவாரு. உங்கிட்ட ஒரு சம்மதம் கேக்கணும். அது அப்பறம். மொதல்ல கதையப் பத்திச் சொல்லிடறேன்.

அந்தப் பையன் இருக்கானே, காலேஜுக்குப் போறதில்ல, வேலைக்கும் போறதில்ல. எப்பப் பாரு அந்தப் பொண்ணு வீட்டு கேட்டுகிட்ட மழையில நனைஞ்சிக்கிட்டே நிக்கிறான். ஏன்டா, வீட்ல குடை இல்லியா? நம்ம லிங்கராஜபுரத்துல அப்படி நின்னு பாக்கட்டும், யாரு வேணும்னு தெருவே வந்து கேக்கும். அவ அவனுக்கு மேல. மனசுல இருக்கறத வாயத் தொறந்து சொல்றதுக்கு முந்நூறு பக்கம்! டீச்சரா இருந்த கை சும்மா இருக்குமா? பென்சில எடுத்து ஓரத்துல, சீக்கிரம் சொல்லித் தொலைடீன்னு எழுதிட்டேன். கோவிச்சுக்காத, ரப்பர் போட்டாப் போயிடும்.

சிரிக்கிறியா? அந்த ஆஸ்பத்திரி சீன்ல நான் அழுதேன், தெரியுமா? கீழ வெக்க மனசு வராம கோயிலுக்கே எடுத்துட்டுப் போயிட்டேன். ஃபாதர் பிரசங்கம் பண்றாரு, நான் தேம்பித் தேம்பி அழறேன். பக்கத்துல நம்ம பாட்டுக் குழு லவினா. மௌரீன் அக்காவுக்கு என்னா பக்தின்னு ஊரு பூரா சொல்லிட்டா. பிரவுன் அட்டை போட்டிருந்தா ஜெபப் புத்தகம்னுதானே நெனப்பா, பாவம்.

அதான், அந்த அட்டைதான் எல்லாத்துக்கும் காரணம். வீட்ல இருக்கற அத்தன புக்குக்கும் அட்டை போடறது உங்கப்பாவுக்கு ஒரு வியாதியாச்சே! பாட்டுக் குழு ப்ராக்டிஸ் முடிஞ்சப்ப, தவக்காலத்துல படிக்க ஒரு தியானப் புத்தகம் குடுங்க ஆம்ப்ரோஸ்னு கேட்டேன். மனுஷன் ஷெல்ஃப்லருந்து ஒண்ண உருவிக் குடுத்துட்டாரு. வீட்டுக்குப் போயித் தொறந்தா மொதப் பக்கத்துலயே அந்தப் பையன் கனவுல முத்தம்!

அய்யோ தேவா! நீயே சொல்லு, நான் என்னான்னு நெனைக்கறது? உங்கம்மா போனதுலேருந்து தல நிமிந்து யாரையும் பாக்காத மனுஷன். நானோ கல்யாணமே வேணாம்னு தனிக்கட்டையா இருந்துட்டவ. வாயால சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு புத்தகத்துல சொல்லி அனுப்பறாருன்னு நெனச்சிட்டேன். ஒரு வரி விடாம அவரு சொல்ற மாதிரியே படிச்சேன். கோவாவுக்கு பைக்குல போலாம் வான்னு அந்தப் பையன் கூப்பிடறான் பாரு, அங்கதான் பக்குனு ஆச்சு. அவரு முட்டி வலிக்கும் என் இடுப்பு வலிக்கும் பைக்கா!

ஈஸ்டர் பூசை முடிஞ்சு வெளிய வந்ததும் நேரா போயிச் சொன்னேன். எனக்குச் சம்மதம் ஆம்ப்ரோஸ், ஆனா கோவாவுக்கு ரயில்லதான் வருவேன்னேன். பேயறஞ்ச மாதிரி நின்னாரு. மறுநாளு வேர்த்து விறுவிறுத்து வந்து, புக்கு மாறிப் போச்சு மௌரீன், அது எம்பொண்ணோடதுன்னாரு. எனக்கு உசுரே போயிடுச்சு. அப்ப நான் சொன்னதத் திருப்பி வாங்கிக்கறேன்னேன்.

வேணாம், இருக்கட்டும்னாரு. அவ்ளோதாம்மா சொன்னாரு. எனக்கு அது போதும்.

இப்ப எதுக்கு வந்தேன்னா, வர்ற ஞாயித்துக்கெழம ரெண்டாம் பூசையில எங்க கல்யாணத்துக்கு மொத ஓலை வாசிக்கப் போறாங்க. யாருக்காவது ஆட்சேபண இருந்தாச் சொல்லுங்கன்னு ஃபாதர் கோயில்ல எல்லாரையும் கேப்பாரு. கூட்டத்தோட கூட்டமா உக்காந்து நீ அதக் கேக்கக் கூடாதுன்னுதான் முன்னாடியே வந்தேன். நீ வேணாம்னு சொல்லு, ஓலையே கெடையாது, ஃபாதர்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். உங்கம்மா எடத்துக்கு நான் வரல கண்ணு. அவளும் நானும் ஒரே பாட்டுப் புத்தகத்தப் புடிச்சிக்கிட்டுப் பாடினவங்க. இவ்ளோ நேரம் வளவளன்னு பேசினது பயத்துலதான். உனக்குத் தெரிஞ்சிருக்கும்.

என்னது? பன்னு வாங்க இவ்ளோ நேரமாவா? பால்கனிக்கு வந்து பாரு. கேட்டுகிட்ட ஹெல்மெட்டு மாட்டிக்கிட்டு நிக்கிறாரே, அவருதான். யாருக்கும் அடையாளம் தெரியாதாம். மழ வேற தூற ஆரம்பிச்சிடுச்சு. குடையும் எடுத்துட்டுப் போகல.

சொல்லும்மா, மேல கூப்பிடட்டுமா, இல்ல இன்னும் கொஞ்ச நேரம் நனையட்டுமா?