பதில் குரல்

கூப்பிட்டால் பதில் சொல்வதில்லை என்பதுதான் என் மனைவி பெரின் என்மேல் சொல்லும் ஒரே குறை. காது எனக்கு நன்றாகவே கேட்கும். ஒருமுறை கேட்ட மெட்டு அப்படியே மனதில் தங்கிவிடும். நீங்கள் விசாரிக்க வந்த விஷயத்துக்கும் இந்தக் காதுதான் காரணம்.

பிரான்சின் நாந்த் துறைமுகத்தில் என்னைக் கப்பலில் வயலின் வாசிக்கத்தான் சேர்த்தார்கள். ஆப்பிரிக்கக் கரையில் வாங்கிய ஆட்களைக் காலையில் மேல்தளத்துக்கு ஏற்றி ஆடவைப்பது வழக்கம். ஆடாவிட்டால் கால் மரத்துப்போகும், விலை போகமாட்டார்கள். நான் வாசிப்பேன். சவுக்கு வேறொருவர் கையில் இருந்தது. அரசரின் அனுமதி பெற்ற கப்பல், பாதிரியார் ஆசீர்வதித்த கப்பல். எங்கள் தெரு ரொட்டிக்காரருக்கும் அதில் பங்கு உண்டு. ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் போர்த்துக்கீசியரும் இதே சரக்கோடுதான் போய்க்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பட்டால் கொடி காட்டி மரியாதை செய்துகொள்வோம்.

கீழ்த்தளத்தில் முன்பக்கம் ஆண்கள், பின்பக்கம் பெண்கள். நடுவே கனமான மரத்தடுப்பு. மேலே ஏற்றுவதும் தனித்தனியாகத்தான். சாயங்காலம் கஞ்சி வந்ததும் பெண்கள் பக்கமிருந்து ஒருத்தி பாடுவாள். தடுப்புக்கு அப்பால் ஒருவன் பதில் பாடுவான். அதைக் கேட்ட பிறகே அவள் கஞ்சியைத் தொடுவாள். அவள் பெயர் தியோர், அவன் லாத்திர் என்று பிராம் சொன்னான். பிராம் ஆப்பிரிக்கக் கரையோரத்துக் கோரே தீவுக்காரன், கப்பலின் மொழிபெயர்ப்பாளன்.

"என்னதான் பாடிக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"அவ 'இருக்கியா'ன்னு கேக்குறா. அவன் 'இருக்கேன், நீ சாப்பிடு'ங்கிறான். புருஷன் பொண்டாட்டி பேச்சு, வாத்தியக்காரரே. இதுக்கு உங்க வயலின் வேணாம்."

நானும் சிரித்தேன். மெட்டு எனக்குப் பிடித்திருந்தது. படுக்கும்போது முணுமுணுப்பேன்.

லாத்திர் வயிற்றுக்கடுப்பில் செத்தான். விடிந்ததும், பெண்கள் மேலே வருவதற்குள் கடலில் போட்டார்கள். அன்று சாயங்காலம் அவள் பாடினாள். பதில் இல்லை. மறுபடி பாடினாள். பிறகு கலயத்தைத் தள்ளிவைத்தாள். மறுநாளும் அப்படியே. பக்கத்திலிருந்த பெண்களும் தள்ளத் தொடங்கினார்கள்.

வாயைப் பிளக்கும் திருகாணி இரும்பைக் கொண்டுவரச் சொன்னார் கேப்டன். அதில் ஒரு பெண்ணின் பற்கள் உடைந்ததை நான் முன்பே பார்த்திருந்தேன்.

"ஏம்ப்பா கெனோ, ஒரு பொம்பளைய சாப்பிட வைக்க உன் வயலினுக்குத் துப்பில்லையா?" என்றார். வேடிக்கையாகத்தான் கேட்டார்.

"இரும்பு வேணாம் ஐயா. சாயங்காலம் வரைக்கும் விடுங்க," என்றேன்.

லாத்திர் கிடந்த பலகையில் போய் உட்கார்ந்தேன். காடி ஊற்றிக் கழுவிய ஈரம் காயவில்லை. அவள் பாடினாள். நான் பதில் பாடினேன். அதே கனம், அதே இழுப்பு. கடைசியில் அவனுக்கு வரும் சின்ன இருமலையும் விடவில்லை. பிறகு கலயம் பலகையில் உரசி நகர்வது கேட்டது.

சுற்றிக் கிடந்த ஆண்கள் எல்லோருக்கும் அவன் செத்தது தெரியும். ஒருவரும் குரல் கொடுக்கவில்லை. அவள் பிழைக்கட்டும் என்று அவர்களும் நினைத்ததாகத்தான் எடுத்துக்கொண்டேன். சவுக்கோடு ஒருவர் படியில் நின்றார், அதுவும் உண்மை.

மேலே வந்ததும் பிராம் என் காலடியில் துப்பினான். "நான் உடம்பைத்தான் வித்துக் குடுத்தேன், வாத்தியக்காரரே. நீங்க செத்தவன் குரலையும் வித்துட்டீங்க."

ஒரு சாயங்காலம் அவள் புதிதாக ஏதோ பாடினாள். பிராமிடம் கேட்டேன்.

"கால் புண்ணு ஆறிச்சான்னு கேக்குறா."

"ஆறிடுச்சுன்னு எப்படிச் சொல்றது?"

என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொல்லிக்கொடுத்தான். நான் பாடினேன். தடுப்புக்கு அப்பால் அவள் சிரித்தது கேட்டது. அந்தக் கீழ்த்தளத்தில் யாரும் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வாங்கும் சேன்-தொமேங் தீவில் இறக்கியபோது அவள் நல்ல உடம்போடு இருந்தாள். ஆண்களை மேலே கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசி ஆளும் வந்த பிறகு, வெறும் படியையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தாங்கவில்லை. ஆறுதலாக இருக்கட்டுமே என்று மெல்லப் பாடினேன். இருக்கேன், நீ சாப்பிடு.

திரும்பினாள். என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தாள். படகில் ஏற்றிய பிறகும், அது கரையைத் தொடும்வரை, என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கரைக்குப் போனபின் அவள் எதையும் வாயில் வைக்கவில்லை என்றார்கள். அது கப்பலின் பொறுப்பில் வராது.

அடுத்த பயணத்துக்குக் கேப்டன் என் பெயர் சொல்லிக் கேட்டார். அதற்கடுத்ததற்கும். இப்படிப் பாடிக்கொள்பவர்களைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து, இருவரும் நலமாக இருக்கும்போதே குரலைப் பழகி வைத்துக்கொள்வேன். ஒருமுறை ஒருவன் சாகவில்லை, தொண்டைதான் கட்டியிருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்தே பாடினேன். கண்ணைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி சாப்பிட்டாள். நான் இருந்த கப்பல்களில் அந்த இரும்பு துருப்பிடித்துக் கிடந்தது. அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

பெரின் அடுப்படியிலிருந்து கூப்பிடுகிறாள், கேட்கிறதா? "இருக்கீங்களா?" என்கிறாள், வேறொன்றுமில்லை. நான் பதில் சொல்லமாட்டேன். அவளே இங்கே வரட்டும். வந்து என் வாயைப் பார்த்துக்கொண்டு கேட்கட்டும்.