மேடையின் கீழே ஒரு விளக்கு

மேடையில் வீற்றிருக்கும் நாடகக் குழுத் தலைவர் அவர்களே, இயக்குநர் அவர்களே, கலங்கிய கண்களோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணியார் அவர்களே, அவையோரே! வணக்கம். மைக் வைப்பது என் தொழில். அதில் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நெஞ்சுவலி, நம் மேடைக்கு ஒளியமைத்த விளக்கண்ணனைக் கொண்டுபோய்விட்டது. ‘ஒளிவேந்தர்’ என்று நாம் பட்டமும் கேடயமும் கொடுத்தோம். அவரோ அந்தக் கேடயத்தை ஆடுகிற விளக்குக் கம்பத்துக்கு முட்டாக வைத்தார்! அவரா வேந்தர்? ஆம், அவர்தான் வேந்தர்!

நாமெல்லாம் மேடையைப் பார்ப்போம். அவர் பார்வையாளர்களைப் பார்ப்பார். ஒருநாள் இடைவேளையில் என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்ப்பா, அந்த ஓரத்துல உக்காந்திருக்கிற பொண்ணு, எல்லாரும் சிரிச்சு முடிச்சப்புறம் சிரிக்குதே, ஏன்?”

“என் தங்கச்சிண்ணே. காது கேக்காது. உதட்டைப் பாத்துத்தான் பேச்சு புரியும். இங்க அதுவும் தெரியல, பக்கத்துல சிரிச்சா சிரிக்கிறா.”

“அட போப்பா! இதை மொதல்லயே சொல்லக் கூடாதா?”

உச்சியிலிருந்து விழும் வெளிச்சத்தில் மூக்கின் நிழல் வாயை மறைக்கிறது என்று கண்டார். மேடையின் முன்விளிம்பில், கீழே, சின்னதாக ஒரு விளக்கை வைத்தார். இயக்குநர் கோபத்தில் துள்ளிக் குதித்தார். “சோகக் காட்சியில இவ்வளவு வெளிச்சமா? மூடே போச்சு!”

“வாய் தெரியலன்னா அந்தப் புள்ளைக்கு நாடகமே போச்சுங்க” என்றார் அண்ணன்.

அதுவரை வீட்டுக்குப் போகும் வழியில் தங்கைக்கு நான்தான் கதை சொல்வேன். அன்று அவள் எனக்குச் சொன்னாள். “அந்த அப்பா கடைசியில பொய்தான் சொன்னாரு, கவனிச்சியா?” நான் எங்கே கவனித்தேன்? மைக் வயரை முறைத்துக்கொண்டிருந்தேன். என் தங்கை பேசிக்கொண்டே நடந்தாள்.

இன்னொன்றையும் கேளுங்கள். அன்று கடைசி வரிசைப் பெரியவர்கள் என்னைத் தேடி வந்து, “இன்னிக்கு மைக் ரொம்பத் தெளிவுப்பா!” என்று கைகொடுத்தார்கள். நான் மைக்கைத் தொடவே இல்லை! முகம் தெரிந்ததால் பேச்சும் தெளிவாகக் கேட்டிருக்கிறது. “என் வெளிச்சத்துல உனக்குப் பேரா? நல்லாயிருய்யா!” என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை இனி எங்கே கேட்பேன்?

நேற்று இயக்குநர் சொன்னார்: “அண்ணன்தான் பிடிவாதமா வச்சிருந்தாரு. இனி அந்தக் கீழ்விளக்கை எடுத்துரலாம்.” ஐயா, நீங்கள் பெரியவர். உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனால் முதுகுக்குப் பின்னால் முணுமுணுக்காமல், அண்ணனின் படத்துக்கு முன்னால், என் தங்கையும் பார்த்துக்கொண்டிருக்கும் இந்த அவையிலேயே சொல்கிறேன். அந்த விளக்கை இனி நான் சுமந்து வருவேன். நானே பொருத்துவேன். அது எரியாத மேடையில் என் மைக்கும் பேசாது!