சிவப்புத் துணி

விசாரணை அலுவலர் அவர்களுக்கு,

கொடியை அறுக்கலாம், இழுக்கக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். தாங்கள் அறிந்ததையே சொல்கிறேன் என்றால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

மரங்களை மூடிப் படரும் அந்நியக் கொடியை அடியிலும் இடுப்பு உயரத்திலும் அறுத்துவிட்டு, மேலே உள்ளதைக் காயவிடுவோம். பட்டுப்போன கிளைகளைச் சில இடங்களில் அந்தக் கொடிதான் தாங்கிக்கொண்டிருக்கும். அத்தகைய மரங்களில் சிவப்புத் துணி கட்டுவது அக்காவின் பொறுப்பு. அவற்றின் கீழே யாரும் போக மாட்டோம்.

பெற்றோர் காலமான பின் அக்காவும் நானும் பதினெட்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தோம். ஞாயிறுதோறும் கொடி அறுக்கக் காட்டுக்குச் செல்வோம். வெளிச்சம் விழுந்த இடங்களில் வசந்தத்தின் முதல் பூ என்று வந்தது என அவள் நோட்டில் குறிப்பாள். சென்ற ஆண்டு கடிகாரக் கடைக்காரரும் எங்களோடு வரத் தொடங்கினார். நல்ல மனிதர். அடுத்த மாதம் அக்காவை மணந்து தம் ஊருக்கு அழைத்துச் செல்வதாக இருந்தார்.

"மச்சான், நீங்களும் வந்துடுங்க. ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்கு" என்றார்.

"இவனா? பூவைப் பார்த்தாத்தான் இவனுக்குச் சிரிப்பே வரும். நம்மளப் பார்த்தா அரிவாளைத் தேடுவான்" என்றாள் அக்கா. மூவரும் சிரித்தோம்.

சம்பவத்தன்று அவர் வண்டியிலிருந்து கருவிகளை இறக்கிக்கொண்டிருந்தார். அக்கா ஒரு பெரிய மரத்தில் துணியைக் கட்டிவிட்டு ஓடைப் பக்கம் போனாள். நான் அதை அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்த மரத்தடியில் ஆண்டின் முதல் வெள்ளைப் பூ மலர்ந்திருந்தது, அதில் பொய்யில்லை. அவரை அழைத்துக் காட்டினேன்.

"உங்க அக்கா வர்றதுக்குள்ள இதழை எண்ணி வெச்சிடறேன்" என்று மண்டியிட்டார்.

நான் தள்ளி நின்று, கொடியை இரு கைகளாலும் இழுத்தேன். பட்ட கிளை அவர்மேல் விழுந்தது; அக்கா ஓடி வந்தபோது அவருக்கு உயிர் இல்லை.

"கட்டினேன்னுதான்டா நெனச்சேன். கட்டலையா?" என்று கேட்டாள் அக்கா.

"மறந்திருப்பேக்கா. விடு."

அதன்பின் அவள் எங்கும் போவதில்லை. நோட்டைத் திறப்பதில்லை. நான் ஊட்டினால் இரண்டு வாய் சாப்பிடுகிறாள்.

நேற்று எனக்குத் தெரியாமல் அவள் தங்களிடம் வந்து, தன் மறதியே காரணம், தன்னைத் தண்டியுங்கள் என்று எழுதிக் கொடுத்ததாக அறிந்தேன். அவளை அழைத்துச் சென்றுவிடுவீர்களோ என்ற அச்சத்தாலேயே இதை எழுதுகிறேன். அந்தத் துணியை இத்துடன் இணைத்துள்ளேன்.

ஒரே ஒரு விண்ணப்பம். இது அக்காவுக்குத் தெரிய வேண்டாம். மறந்தது தான்தான் என்று நம்பும்வரை, நான் திரும்பி வரும் நாள்வரை, அவள் அந்த வீட்டிலேயே இருப்பாள். அவளுடைய நன்மைக்காகத்தான் கேட்கிறேன்.