ஏழு மரங்களும் ஒரு ஸ்பார்க் பிளக்கும்

புகாரில் எழுதியிருக்கும் பெயரும் முகவரியும் என்னுடையவைதான். வயது ஐம்பத்திரண்டு. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போய்த் தையல் மிஷின் பழுதுபார்ப்பது என் தொழில். போகிற இடங்களில் என்னை மிஷின்காரம்மா என்று கூப்பிடுவார்கள். இதற்கு முன் என் மீது எந்த வழக்கும் கிடையாது. யாரும் சொல்லிக்கொடுத்தோ மிரட்டியோ இதை நான் சொல்லவில்லை.

என்னுடன் வந்தவர் என் அண்ணி. வயது அறுபத்தொன்று. பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் வெளியூர் வேலைக்குக் கிளம்பினால் அவரும் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து ஊர் சுற்றுவதை எங்கள் வீட்டில் இன்னும் யாரும் முழுதாக நம்பவில்லை. அவர் பறவைகளைப் படம் எடுப்பார். நான் அவற்றைப் பார்த்து, காலியான நூல் பெட்டிகளின் அட்டையில் வரைவேன். ஒவ்வொரு அட்டையின் பின்னும் தேதியும் இடமும் எழுதி வைப்பேன். இது பொழுதுபோக்கா என்று ஆய்வாளர் கேட்டார். இல்லை என்றேன். பிறகு என்ன என்று கேட்டார். அதற்குப் பெயர் வைக்கவில்லை என்றேன்.

புகார் கொடுத்த லாட்ஜில் நான்கு வருடமாகத் தங்குகிறோம். மூன்றாவது மாடியில் பின்பக்க அறையைத்தான் கேட்டு வாங்குவோம். ஜன்னலுக்குக் கீழே கார் நிறுத்துமிடம், அதைச் சுற்றி ஏழு பெரிய மரங்கள். அவற்றில் வக்கா என்கிற கொக்கு வகைப் பறவைகள் கூடு கட்டுகின்றன. முதுகு கருநீலம், இறக்கை சாம்பல், கண் சிவப்பு. அந்த முதுகு நிறம் எனக்கு இன்னும் கைகூடவில்லை. இம்மாதம் எட்டாம் தேதி மதியம் அறைக்கு வந்ததும் இருவரும் தனித்தனியாகக் கூடுகளை எண்ணினோம். எனக்கு நாற்பத்தொன்று, அண்ணிக்கு நாற்பத்து மூன்று. இலைக்கு உள்ளே இரண்டை நான் விட்டுவிட்டேன். பெரும்பாலான கூடுகளில் குஞ்சுகள் இருந்தன. அதன் பிறகு அண்ணி மரம் மரமாகப் படம் எடுத்தார். தேதியும் நேரமும் படத்திலேயே பதிந்திருக்கின்றன.

மறுநாள் காலை ஆறே முக்கால் மணிக்கு பெட்ரோல் ரம்பத்தின் சத்தம் கேட்டது. நாங்கள் படியிறங்கி ஓடுவதற்குள் முதல் மரம் விழுந்துவிட்டது. சிமெண்ட் தரையில் பதினான்கு குஞ்சுகள் கிடந்தன. நான்குக்கு உயிர் இருந்தது. அண்ணி கேமராவை எடுத்துப் பதினான்கையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். கேமராவை மூடிய பிறகுதான் அழுதார். அதன் பிறகு உயிரோடு இருந்தவற்றை குளியலறை வாளியில் துண்டு விரித்து வைத்தார். தாய்ப்பறவைகள் எங்கள் தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றின.

மரம் வெட்டுகிறவர் அடுத்த மரத்துக்குப் போனார். நிறுத்தச் சொன்னேன். "எனக்கென்னம்மா தெரியும்? வெட்டச் சொன்னாங்க, வெட்டுறேன். மேனேஜர்கிட்ட பேசுங்க" என்றார். லாட்ஜ் மேனேஜர் சட்டைப் பையிலிருந்து வனத்துறை அனுமதிக் கடிதத்தின் நகலை எடுத்து நீட்டினார். அதைச் சத்தமாகப் படித்தேன். மரங்களில் பறவைக் கூடுகள் எதுவும் இல்லை என்று லாட்ஜ் தரப்பில் உறுதி கூறியிருப்பதால் அனுமதி அளிக்கப்படுவதாக அதில் இருந்தது.

"தலைய தூக்கிப் பாருங்க சார்" என்றேன்.

அவர் பார்க்கவில்லை. "லெட்டர்ல என்ன இருக்கோ அதான்" என்றார்.

அதன் பிறகு மரம் வெட்டுகிறவர் ரம்பத்துக்குப் பெட்ரோல் ஊற்றினார். மேனேஜர் கூப்பிட்டதால் அதைத் தரையில் வைத்துவிட்டுக் கயிறு எடுக்கப் போனார். என் தொழிற்பை தோளில் இருந்தது. நான் ரம்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்து மேல்மூடியைத் திறந்து, ஸ்பேனர் போட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். சூடாக இருந்ததால் எண்ணெய்த் துணியால் பிடித்துக்கொண்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூடியைத் திரும்பப் பொருத்திவிட்டு, பிளக்கை என் வண்ணப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன். அது திருட்டு என்று புகாரில் எழுதியிருக்கிறார்கள். நான் ஒளிக்கவில்லை. மரம் வெட்டுகிறவர் திரும்பி வந்து, ரம்பத்தின் ஸ்டார்ட்டர் கயிற்றை ஏழெட்டு முறை இழுத்து வியர்த்துப்போய் நின்றபோது, பிளக் என்னிடம் இருக்கிறது, தரமாட்டேன் என்று நானே சொன்னேன். இப்போது அது இந்த மேஜை மீது இருக்கிறது.

சிறிது நேரத்தில் லாட்ஜ் முதலாளி வந்தார். "கார் மேல பூரா எச்சம். வர்றவன்லாம் என்னைத் திட்டுறான். உங்களுக்கென்ன, படம் புடிச்சிட்டுப் போயிடுவீங்க" என்றார்.

"போயிட்டுத் திரும்பி வர்றவங்க நாங்க. நாலு வருஷமா இந்தக் கூட்டைப் பாத்துட்டு இருக்கோம். நீங்க ஒரு வாட்டி நிமிந்து பாத்திருப்பீங்களா? குஞ்சு பறக்க ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் காரை முன்வாசல்ல நிறுத்துங்க" என்றேன்.

அவர் குரலை இறக்கினார். படங்களை அழித்துவிட்டு, தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் போலீசுக்குப் போகமாட்டேன் என்றார். எனக்கு முன்னால் அண்ணியே பதில் சொன்னார். "போலீசையே கூப்பிடுங்க. நாங்களும் அவங்களுக்குத்தான் காத்திருக்கோம்." அண்ணி யாரிடமும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்று மாடி ஜன்னல்களில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அதன் பிறகு காவலர் வந்து என்னை நிலையத்துக்கு அழைத்து வந்தார். அண்ணி படங்களோடு வனத்துறை அலுவலகத்துக்குப் போனார். பதினொரு மணிக்கு அலுவலர் நேரில் வந்து பார்த்து, அனுமதியை நிறுத்திவைத்துக் கையெழுத்துப் போட்டதாக அண்ணி போனில் சொன்னார். ஆறு மரங்கள் நிற்கின்றன. வாளியில் இருந்த நான்கில் ஒன்று வழியிலேயே இறந்துவிட்டது. மூன்றைக் கால்நடை மருத்துவரிடம் ஒப்படைத்திருக்கிறார்.

மரம் வெட்டுகிறவரை நான் பிடித்துத் தள்ளியதாகப் புகாரில் உள்ளது. அது பொய். அவரைப் பக்கத்து அறையில் விசாரித்தபோது, "அந்தம்மா என் மேல கை வைக்கல. மிஷின்லதான் வச்சாங்க" என்று சொன்னது எனக்கே கேட்டது. அவருக்கு அன்றைய வேலை கெட்டது என்னால்தான். அதற்கு மட்டும் அவரிடம் வருத்தம் தெரிவித்தேன். மற்ற யாரிடமும் தெரிவிக்கவில்லை, தெரிவிக்கவும் மாட்டேன்.

எழுதியதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். ஓரிடத்தில், ஆத்திரத்தில் நிதானம் இழந்து பிளக்கைக் கழற்றிவிட்டேன் என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. "கோர்ட்ல உங்களுக்கு நல்லதும்மா, இருக்கட்டும்" என்றார். அந்த வரியை அடிக்கச் சொன்னேன். நிதானமாகத்தான் கழற்றினேன். நிதானம் இல்லாமல் கழற்றினால் திருகு மரை தேய்ந்துபோகும். பிளக்கின் மரையை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். அடித்த வரிக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு கையெழுத்தும் கீழே உள்ள முழுக் கையெழுத்தும் என்னுடையவை. மீதி அனைத்தும் நடந்தது நடந்தபடி, நான் சொன்னது சொன்னபடி.

(ஒப்பம்)