ஜமைக்காக்காரி வீட்டுக் குலுக்கை

பின்ன என்ன அண்ணாச்சி! ஒரு அட்டைப்பொட்டி! சாதா அட்டைப்பொட்டி! அதுக்குப் போயி ஒரு மனுசன் ஏழெட்டு மாசமா சம்மந்தி வீட்டு வாசல மிதிக்காம இருப்பானா? நீங்களே சொல்லுங்க... இந்தா, இந்தத் துண்டு மேல உக்காருங்க, பெஞ்சு சுடுதுல்லா. உங்களுக்கு எந்த வண்டி? பனவடலிசத்திரமா? அது இப்பதான் போச்சி. இனி வர நேரமாவும். எனக்கு வாசுதேவநல்லூரு. அந்தா நிக்குல்லா, அதான் வண்டி. போகட்டும், அடுத்ததுல போவோம். கூட்டமா இருக்கு... என்ன, நாலு பேருதான் இருக்காவளா? நமக்கு அந்த நாலு பேரே கூட்டம் அண்ணாச்சி.

இந்தப் பையிலயா? வெத்தல, பாக்கு, பழம், ரெண்டு முழம் பூவு. காலையிலயே எம் பொஞ்சாதி முருகம்மாள் கையில திணிச்சிட்டா. "போயி செல்லப்பா அண்ணன முறையா அழைச்சிட்டு வாங்க, இல்லன்னா வீட்டுக்கு வராதிய"ங்கா. செல்லப்பாதான் எம் சம்மந்தி, மருமவளப் பெத்தவரு. நாளைக்கி எம் பேரனுக்குக் காது குத்து, கோமதியம்மன் கோயில்ல வச்சி. மகனும் மருமவளும் அமெரிக்காவுல இருந்து வந்து எறங்கியாச்சி. ஆசாரிக்கிச் சொல்லியாச்சி, சமையலுக்கு ஆளு வந்தாச்சி. எது இல்லங்கீங்க? மடி இல்ல! தாய்மாமன் மடியில வச்சில்லா குத்தணும்? அந்தத் தாய்மாமன் யாரு? செல்லப்பா மவன் ராஜதுரை. அப்பன் வராம அவன் வருவானா? "சரிடா, எம் மடியில வச்சிக் குத்துங்க"ன்னேன். எம் மகன் மொறைக்கான். மருமவ மூக்க உறிஞ்சுதா. நான் என்ன செய்ய?

எனக்கு அந்த ஆளு மேல கல்யாணத்துலயே ஒரு இது உண்டு, பாத்துக்கிடுங்க. சம்மந்திக்குப் போட்ட மாலை எப்பிடி இருக்கணும்? அவரு கழுத்துல கெடந்தது இடுப்பு வரைக்கும் தொங்குது. எனக்குப் போட்டது நெஞ்சோட நின்னுபோச்சி. போட்டோவுல இருக்கு. வீட்டுக்கு வாங்க, காட்டுதேன். சவத்த விடுங்க, அத நான் மறந்துட்டேன்.

பொட்டிக்கி வாரேன். எம் மகன் கோமதிசங்கரு நியூயார்க்குல இருக்கான். குயின்ஸ்னு ஒரு பக்கம். மருமவளுக்குப் பிரசவம்னு ரெண்டு பக்கத்துப் பெத்தவங்களையும் ஒண்ணா வரச்சொல்லிட்டான். அதான் அவன் செஞ்ச தப்பு! பொம்பளைகளுக்கு அடுக்களையில வேலை இருக்கு, பிள்ளையக் குளிப்பாட்டுத வேலை இருக்கு. எங்க ரெண்டு பேருக்கும் என்ன இருக்கு? சன்னலு. வெளிய பனி. அவருக்கு ஒரு நாற்காலி, எனக்கு ஒரு நாற்காலி. பனிய எத்தன நாளைக்கிப் பாக்க? பொறவு பக்கத்து வீடுகளப் பாக்க ஆரம்பிச்சோம்.

எம் மகன் வீட்டுக்கு ஒட்டுனாப்புல ஒரு வீடு. ஒரே செவரு, ஒரே படி. அது பிலிப்பைன்ஸ்காரி வீடு, பேரு ரொவீனா. நர்சு. எதுத்த வீடு ஜமைக்காக்காரி, மார்வான்னு பேரு. ஜமைக்கான்னா தெரியும்லா? கிரிக்கெட்டுல வெஸ்ட் இண்டீஸ்னு வருவாவளே, அந்தத் தீவுகள்ல ஒண்ணு. நல்ல ஓங்குதாங்கான பொம்பள. அந்த ஊரு டவுன் பஸ்ஸ ஓட்டி ரிட்டையர்டு ஆனவ. பொம்பள பஸ்ஸு ஓட்டியிருக்கா அண்ணாச்சி! அந்தா அந்த டிரைவரு, ஹாரன் அடிக்கதத் தவிர வேற வேல தெரியாதவன், அவன் போயி அவகிட்டப் படிக்கணும்.

ஒருநாளு செல்லப்பா வாய வச்சிக்கிட்டு இருக்க மாட்டாம, "இந்த ரெண்டு கூட்டத்துல பிலிப்பைன்ஸ்காரங்கதான் வசதி"ன்னாரு. தாலுகா ஆபீஸ்ல வேல பாத்தவருல்லா, ஊரு சனத்த எல்லாம் வசதி, வசதியில்லன்னு பிரிக்காட்டி தூக்கம் வராது. நான், "இல்ல வே, வெஸ்ட் இண்டீஸ்காரங்கதான் வசதி"ன்னேன். அவ்வளவுதான். அன்னைக்கிப் பிடிச்சது!

அவருக்கு இங்கிலீசு தெரியும். நேரா ரொவீனாகிட்டயே போயிக் கேட்டுட்டு வந்துருவாரு. அந்த நாட்டுல நர்சு படிப்பு முடிக்கும்போதே அமெரிக்கா ஆசுபத்திரிக்காரன் வந்து கூட்டிட்டுப் போறானாம். இவ நர்சு, புருசன் லேப்புல வேல, தம்பி நர்சு, தம்பி பொஞ்சாதி நர்சு. "ஒரு வாசல்ல நாலு சம்பளம் நொழையுது சம்மந்தி, ஒம்ம மார்வா வீட்டுல என்ன நொழையுது"ங்காரு. எனக்கு இங்கிலீசு தெரியாது. மூணாப்போட நின்னவன். ஆனா கண்ணு தெரியும். "நாலு சம்பளம் நொழையுததச் சொல்லுதீரே வே, நாலு பேரும் ஒரே வீட்டுல அடைஞ்சி கெடக்கதச் சொன்னீரா? ஒருத்தன் படுத்து எந்திரிச்ச கட்டில்ல அடுத்தவன் வந்து படுக்கான். மார்வா ஒத்தப் பொம்பள. வீடு சொந்த வீடு, பஸ் கம்பெனி பென்சன் வருது, கீழ ஒரு ரூம வாடகைக்கி விட்டிருக்கா. தலைக்கித் தலை பங்கு வச்சிப் பாரும், யாரு வசதி"ன்னேன். மனுசனுக்கு மூஞ்சி இப்பிடிப் போச்சி!

விடுவாரா? "ஒம்ம மார்வாவோட சொந்தக்காரிக பூராவும் வயசானவங்களக் குளிப்பாட்டி விடப் போறாளுவ. ராப்பகலா ஓடுனாலும் அந்த வேலைக்கிச் சம்பளம் கம்மி"ங்காரு. நான், "ரொவீனாவும் ராவும் பகலும்தான வே ஓடுதா, தம் பிள்ள மூஞ்சிய என்னைக்கிப் பாத்தா"ங்கேன். இப்பிடியே போவும். காப்பி வரும், குடிப்போம். திரும்பவும் ஆரம்பிப்போம். ஒரே ஒரு விசயத்துல மட்டும் ரெண்டு பேரும் ஒரே கட்சி. ரெண்டு வீட்டுலயும் சீட்டு ஓடுது! நம்ம ஊரு சீட்டேதான் அண்ணாச்சி. ஆளுக்கு இம்புட்டுன்னு போட்டு, மாசம் ஒருத்தர் எடுக்கது. ரெண்டு கூட்டமும் அதுக்கு வேற வேற பேரு வச்சிருக்கு, எம் வாயில நொழையல. அதக் கேட்டதும் எங்க ரெண்டு பேருக்கும் அப்பிடி ஒரு சந்தோசம். அன்னைக்கி ஒருநாளு சண்டையே இல்ல. முருகம்மாள் எட்டிப் பாத்து, "ரெண்டு பேருக்கும் மேலுக்குச் சொகமில்லையா"ன்னு கேட்டா.

அந்தா, வாசுதேவநல்லூர் வண்டி கெளம்பிட்டு. போகட்டும், போகட்டும். இனி ஓடியா பிடிக்க?

ஆங்... எங்க விட்டேன்? குலுக்கை! நம்ம காட்டுப் பக்கம் ஒரு வீட்டுல பொண்ணு எடுக்கணும்னா முன்னாடி என்ன பாப்போம்? தானியம் போட்டு வைக்கிற குலுக்கையத் தட்டிப் பாப்போம். நெறஞ்சி இருந்தா வசதியான வீடு. வேற விசாரணையே வேண்டாம். மார்வா வீட்டுல காரு நிப்பாட்டுத கொட்டகையில நீலக் கலர்ல ஒரு பீப்பாய், எந் நெஞ்சு ஒசரம். வாராவாரம் அவ காருல வந்து எறங்குவா. ஒரு மூட்டை அரிசி, எண்ணெய் டின்னு, பருப்பு, சோப்பு, புள்ளைக போடுத ஷூ, எல்லாத்தையும் அதுக்குள்ள எறக்கி அமுக்குவா. மேல ஏறி மிதிக்காத கொறைதான். நான் சம்மந்திகிட்ட, "பாரும் வே, குலுக்கையப் பாரும்! நெறஞ்சி வழியுது!"ன்னேன். அவரு, "ஏம் வே, கடை தெறந்துதான கெடக்கு, வசதி உள்ளவன் எதுக்குய்யா அரிசியப் பீப்பாயில அடைக்கான்"ங்காரு. நஞ்சைக்காரருல்லா, குளத்துத் தண்ணி குடிச்சி வளந்தவரு. மழைய நம்பி இருக்கவனுக்குத்தான குலுக்கை அருமை தெரியும்?

ரொவீனா வீட்டுலயோ எப்பப் பாத்தாலும் வாசல்ல அட்டைப்பொட்டி. ஒண்ணு கட்டி முடியும், இன்னொண்ண விரிப்பா. எந்நேரமும் சாமான் கட்டிக்கிட்டே இருக்க வீடு என்ன வீடு? வாடகை குடுக்க முடியாம காலி பண்ணுத வீடு! எனக்கு அப்பிடித்தான் பட்டுது. பாவம், நாலு பேரு சம்பாதிச்சும் நிக்க முடியல போலுக்கேன்னு நெனச்சேன். சம்மந்திகிட்டச் சொன்னா கேலி பேசுவாரேன்னு சொல்லல.

ஒருநாளு லாரி வந்து நிக்கி. வீட்டுல ரொவீனா இல்ல, அவ மாமியா மட்டும் ஒத்தையில. அந்த அம்மா பொட்டிய இழுக்கா, அது நவுரமாட்டங்கு. லாரிக்காரன் கைய வீசி விரட்டுதான். எனக்கு மனசு தாங்கல அண்ணாச்சி. வெளிநாட்டுல வந்து வீட்டக் காலி பண்ணுத குடும்பம், ஒரு கை குடுக்கப்பிடாதா? எறங்கிப் போனேன். ஒவ்வொரு பொட்டியாத் தூக்கி ஏத்துனேன். எம் மகன் கல்யாணத்துக்குக்கூட இப்பிடி ஓடியிருக்க மாட்டேன். படியில கெடந்த அம்புட்டயும் ஏத்திட்டேன். ஒண்ணு விடாம! அந்த அம்மா எங் கையப் பிடிச்சிக் கண்ணுல ஒத்திக்கிட்டா. லாரிக்காரன் எல்லாத்துலயும் வரிசையா ஒரே விலாசச் சீட்ட ஒட்டுனான். வண்டி போயிட்டு.

செல்லப்பாவும் ஒரு பொட்டி கட்டி வச்சிருந்தாரு, ஊருக்குக் கொண்டுபோக. வாசுதேவநல்லூர்ச் சொந்தம் பூராவுக்கும் பாதாம்பருப்பு, தைலம், சத்து மாத்திரை... அவருக்குன்னு ஒரு செவப்புச் சுவெட்டரு, வெள்ள ஷூ ஒரு சோடி. அந்தப் பொட்டி ரொவீனா குடுத்த பொட்டி. அதே அளவு, அதே எழுத்து. அத எங்கன வச்சாரு? படியில! படி பொதுப்படின்னு மனுசனுக்குத் தெரியாண்டாமா? மெத்தப் படிச்சவருல்லா?

அன்னைக்கிச் சாயங்காலம் வீடு பூராவும் தேடுதாவ. களவு போயிட்டுன்னு முடிவு கட்டியாச்சி. நானும் கட்டிலுக்கு அடியிலெல்லாம் குனிஞ்சி தேடுனேன் அண்ணாச்சி, சத்தியமா! எனக்கு எங்க தெரியும்?

அந்த வாரமே மார்வா வீட்டுக்கும் லாரி வந்துட்டு. ரெண்டு பேரு சேந்து குலுக்கைய உருட்டி ஏத்துதானுவ. "ஏலே, அவ பீப்பாய எவனோ ஜப்தி பண்ணிட்டுப் போறாம்ல"ன்னு மகன எழுப்புனேன். அவன் சிரிக்கான். "அப்பா, அது அவுக அக்கா பிள்ளைகளுக்கு ஜமைக்காவுக்குப் போகுது. கப்பல்ல. வருசாவருசம் அனுப்புவாவ. ரொவீனா பொட்டியும் அப்பிடித்தான். நீங்க என்ன நெனச்சிய"ங்கான். நான் ஒண்ணும் நெனைக்கலடான்னுட்டேன். நானும் சம்மந்தியும் அன்னைக்கிச் சன்னல்ல உக்காந்திருந்தோம். பனி பெய்யுது. அவரு, "ரெண்டு வீட்டுக் குலுக்கையும் வேற ஊர்லல்லா வே இருக்கு"ன்னாரு. பொறவு எங்க மகன் வீட்டு அடுக்களையப் பாத்தாரு. நானும் பாத்தேன். ஊர்ல எங்க வீட்டு மோட்டாரு, பிரிட்ஜி, போர்வெல்லு, எல்லாம் எங்கயிருந்து வந்துதுன்னு... சரி, அது கெடக்கு.

ஊருக்கு வந்து கொஞ்சநாள்ல மருமவ போன்ல ஒரு போட்டோ அனுப்புதா. பிலிப்பைன்ஸ்ல ரொவீனா ஊரு. வயலு, வரப்பு, ஒரு எருமை. பக்கத்துல வெயிலு கொளுத்துததுக்குள்ள செவப்புச் சுவெட்டரப் போட்டுக்கிட்டு ஒரு பெரியவரு, கால்ல வெள்ள ஷூ! பல்லெல்லாம் தெரியச் சிரிக்காரு. ரொவீனாவோட பெரியப்பாவாம். "எங்க ஊருக்குப் பொட்டி அனுப்புன இந்தியாக்காரருக்கு நன்றி"ன்னு எழுதியிருக்காராம். செல்லப்பா போன்ல கத்துதாரு, "ஏத்துனது யாரு?"ன்னு. நான், "ஒத்தாசைதான் வே செஞ்சேன். அது கெடக்கட்டும், அந்த எருமையப் பாத்தீரா, கொம்பும் தெரட்சியும்! வெவசாயக்காரன் கையி வே அது. சுவெட்டரு போனா என்ன, ஆளுக்கு எப்பிடிப் பொருந்துது பாரும்"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அதுக்கு ஒரு மனுசன் போன வச்சிருவானா? அன்னைக்கி வச்ச போனு!

கோவம் எனக்கும் இருக்கு அண்ணாச்சி. ஆனா ஒண்ணு. இந்தச் சங்கரன்கோவில்ல நான் யாருகிட்டப் போயி ஜமைக்காக்காரியப் பத்திப் பேச? டீக்கடையில ஆரம்பிச்சா, கிளாஸக் கழுவப் போறேங்கான். முருகம்மாள் டீவியச் சத்தமா வைக்கா. மார்வா பென்சன் கூடிச்சா, ரொவீனா தம்பி தனி வீடு போனானான்னு இந்த ஊர்ல ஒருத்தனுக்குக் கவலை இருக்கா? அந்த ஆளு ஒருத்தருக்குத்தான்...

அந்தா அடுத்த வண்டி. வாசுதேவநல்லூர்ல இருந்து வருது. இது திரும்பிப் போகையில ஏறிருவேன். கண்டிப்பா ஏறிருவேன், நீங்க சாட்சி. போயி வெத்தலயத் திண்ணையில வச்சிட்டு... அண்ணாச்சி? எங்க எந்திரிச்சிட்டீங்க? பனவடலி வண்டி வந்துட்டா? எங்க, நான் பாக்கலயே... அது ராஜபாளையம் வண்டில்லா! அண்ணாச்சி! எந் துண்டு, துண்டு... போயிட்டாரு. பேச்சுத் தொணைக்கி ஆளு கெடைக்கது இல்ல இந்த ஊர்ல.

ஏ... அது யாரு எறங்குதது? வெள்ள வேட்டி, பெரிய அட்டைப்பொட்டி... ஆமா, அந்தத் தலை செல்லப்பா தலைதான்! பின்னாலேயே ராஜதுரை. பாரேன், நான் வெத்தலையோட இங்கன நிக்கேன், இவரு சீரோட அங்கன வந்து குதிக்காரு! முறைன்னு ஒண்ணு இருக்குல்லா?

வாரும் வே! வாரும் சம்மந்தி!... அழைப்பா? இந்தா வெத்தல, பிடியும். வண்டிக்குத்தான் நின்னேன். காலையில இருந்து ஒரு வண்டிகூட இல்ல, வேணும்னா அந்த டிரைவருகிட்டக் கேளும்... வேண்டாம், கேக்காதீரும். என்னது? பேரனுக்காக வந்தீரா, எனக்காக இல்லையா? சரி, எம் மூஞ்சியப் பாக்காதீரும், எம் பேரன் மூஞ்சியப் பாரும்... என்ன சொன்னீரு? ரொவீனா தம்பி வீடு வாங்கிட்டானா? எப்ப? தனியாவா! எறங்குனதும் எறங்காததுமா இதச் சொல்லத்தான் வந்தீராக்கும்! அப்ப ஒரு வாசல் ரெண்டு வாசலாச்சில்லா? சம்பளமும் ரெண்டாப் பிரிஞ்சிட்டுல்லா? நாஞ் சொன்னது அதான வே! மார்வா கணக்கு வேற... நடவும், நடந்துக்கிட்டே பேசுவோம். வீடு வரைக்கும் பேசலாம். ராத்திரியும் இங்கனதான தங்குவீரு?

பொட்டியக் குடும், நான் தூக்குதேன். குடும் வே... ஏம் நெஞ்சோட அணைச்சிக்கிடுதீரு? இங்கன எங்க லாரி நிக்கி? ... சரி சரி, நீரே தூக்கும். அடியில ஒரு கை மட்டும் குடுக்கேன்.