மலைப்படியில் எடுக்காத வாய்ப்பூட்டு

1912 பிப்ரவரி 6, போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த வாக்குமூலம். என் பெயர் நாகலிங்கம், தகப்பனார் வீராசாமி, வயது முப்பத்தாறு, இந்தத் தீவின் கான் தெ மாஸ்க் கிராமத்தில் சொந்தமாகக் கொஞ்சம் கரும்பு வைத்திருக்கிறேன். இறந்துபோன பொன்னுசாமி என் தங்கை அலமேலுவின் புருஷன்.

பொன்னுசாமிக்குச் சிறு வயது முதல் மூச்சிழுப்பு உண்டு. சென்ற வருஷம் அவன் மகள் விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சலில் பிழைத்ததால், தைப்பூசத்துக்கு உதட்டை ஊசியால் பூட்டும் வாய்ப்பூட்டோடு மலைக்கோயிலுக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டான். மேடு ஏற ஏற இவனுக்கு மூச்சு போதாது, இதயம் இரட்டிப்பாக உழைக்கவேண்டி வரும், மலைப்பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொன்னதை நானும் கூட இருந்து கேட்டேன். அவன் கேட்கவில்லை. பிடிவாதக்காரன். அதன்பிறகு அலமேலு என்னிடம், "அண்ணே, நீ கூடவே போ. மூச்சு முட்டுனா ஊசிய உருவிடு. சாமி கோவிச்சா என்னைய கோவிக்கட்டும்" என்றாள். சரி என்றேன். வாய் பேச முடியாதாகையால், மூச்சு முட்டினால் என் தோளில் மூன்று முறை தட்டுவது என்று அவனும் நானும் பேசிவைத்தோம். இது வேறு யாருக்கும் தெரியாது.

பூசத்தன்று காலை ஆற்றில் குளித்த பின் பூசாரி அவன் உதடு இரண்டையும் சேர்த்து வெள்ளி ஊசியால் பூட்டினார். சன்னிதியில்தான் அதை எடுக்கவேண்டும். வழியில் எடுத்தால் நேர்த்தி முறிந்துபோகும். முக்கால் மலை வரை நன்றாக வந்தான். அதன்பிறகு தூறலும் குளிர்காற்றும் பிடித்தன. அவன் நெஞ்சு சீட்டியடித்தது, கழுத்து நரம்பு துடித்தது, காவடி ஆடியது. அருள் வந்துவிட்டதென்று சனங்கள் வேல் வேல் என்று கூவி மேளத்தை இன்னும் ஓங்கி அடித்தார்கள். அப்போது அவன் என் தோளில் மூன்று முறை தட்டினான்.

நான் அண்ணாந்து பார்த்தேன். கோயில் கொடி தெரிந்தது. "இன்னும் இருபது படிதான் மச்சான், பல்லைக் கடிச்சுக்கிட்டு வா" என்றேன். நேர்த்தி முறிந்த வீடு என்று ஊர் பேசுமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அதன்பிறகு மறுபடி மூன்று முறை தட்டினான், மெதுவாக. அந்த இருபதில் பன்னிரண்டாம் படியில் விழுந்தான். உடனே ஊசியை உருவினேன். உதடு நீலமாக இருந்தது. இரத்தம் வரவில்லை.

முருகன் அழைத்துக்கொண்டான் என்று பூசாரியும் மற்றவர்களும் சொல்கிறார்கள். அலமேலுவும் அதை நம்பி, "நீ என்னண்ணே பண்ணுவ" என்று எனக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். அதைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தேன். அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். அருளுமில்லை, ஒன்றுமில்லை. அவன் என்னிடம் இரண்டு தடவை கேட்டான்.

எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் மிரட்டவில்லை. இதை என் தங்கைக்கும் நீங்களே படித்துக் காட்டுங்கள். எனக்கு வாய் வராது.

நாகலிங்கம், இடது பெருவிரல் ரேகை.