வெட்டவெளியில் ஓர் எடைமேடை

விழாவுக்குத் தலைமை தாங்கும், எங்கள் கார்ப் பந்தயச் சங்கத்தின் தலைவி அம்மா அவர்களே! வண்டிச் சக்கரங்களுக்கும் எங்கள் சங்கத்துக்கும் சேர்த்துக் காற்றடித்துக் காப்பாற்றிவரும் டயர்க் கடை முதலாளி அண்ணன் அவர்களே! பானெட்டைத் திறந்துவிட்டால் பாசத்தை மறந்துவிடும் பரிசோதகர்களே! பெற்ற பிள்ளை வளைவில் திரும்பும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "முடிஞ்சிருச்சா?" என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்கும் தாய்மார்களே! பெட்ரோல் வாசம் போகாத கைகளால் கைதட்டக் காத்திருக்கும் தம்பிமாரே, தங்கைமாரே! சங்கத்தின் செயலாளன் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

என்ன அங்கே சத்தம்? "சுருக்கமாப் பேசுங்க"வா? கவலைப்படாதே தம்பி, நீ கடைசிச் சுற்றை முடித்த வேகத்தைவிட நான் வேகமாகவே முடித்துவிடுவேன்.

பெரிய சங்கத்தோடு நீங்கள் போட்டி போட முடியுமா என்று கேட்டார்கள். அவர்களுக்குக் கண்ணாடி மாளிகை; நமக்குத் தகரக் கொட்டகை. அவர்களுக்கு ராட்சதத் திரை. நமக்குத் தொண்டை கட்டினாலும் வாய் ஓயாத அறிவிப்பாளர் அக்கா. அவர்களைப் போலவே நாமும் மாறிவிட வேண்டும் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அவர்களைப் போல இருப்பதற்குத்தான் அவர்களே இருக்கிறார்களே! பிறகு நாம் எதற்கு?

நமக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பந்தயம் முடிந்ததும் முதல் மூன்று வண்டிகளும் எந்த அறைக்குள்ளும் போகா. மைதானத்தின் நடுவில் கயிறு கட்டி, ஊர் பார்க்க எடைமேடையில் ஏற்றி, உலகம் பார்க்க எஞ்சினைத் திறந்து சோதிப்போம். தோற்றவன் பார்க்கலாம், தோற்றவனின் மாமியாரும் பார்க்கலாம். பெரிய சங்கத்தில்? கதவு மூடும், முடிவு மட்டும் வெளியே வரும்.

ஆனாலும் இந்த ஆண்டு ஆட்டம் கண்டோம். நம் பந்தய நாள்களிலேயே அவர்களும் பந்தயம் வைத்தார்கள். நம் ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். "இந்தப் பந்தயத்துக்கு அப்புறமும் ஆள் சேரலேன்னா சங்கத்த இழுத்து மூடிர வேண்டியதுதான்" என்று அம்மாவே என்னிடம் சொன்னார்.

அந்தப் பந்தயத்தில் வென்றது யார்? அம்மாவின் மகன்! டயர்க் கடை அண்ணன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார். மறுநாள் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

வண்டி எடைமேடையில் ஏறியது. விதிப்படி இருக்க வேண்டிய எடைக்குக் குறைவு! இருக்கைக்கு அடியில், எடைக்காகப் பொருத்தியிருக்க வேண்டிய இரும்புப் பலகையைக் காணோம். இருக்கைக்கு வெல்டிங் வைக்கக் காலையில் பலகையைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்ட மறந்துவிட்டார்கள். தேடினால், அது கொட்டகைக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வைத்த கை யார் கை? இதோ, தலைமை நாற்காலியில் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்தியிருக்கும் அதே கை!

"ஏம்மா இத எடுத்தே?" என்றான் மகன்.

"சும்மா கெடந்துச்சுடா. எனக்கென்ன தெரியும்?"

அண்ணன் அம்மாவின் காதருகே போனார். "தங்கச்சி, தெரியாம நடந்தது. விட்டுருவோம். உம் பையனுக்கே இந்தக் கதின்னா அப்புறம் இங்க யாரு வருவா?"

அண்ணன் கேட்டதில் தப்பில்லை. அத்தனை பேர் மனத்திலும் அந்தப் பயம்தான். ஆனால் அம்மா ஒலிபெருக்கியை வாங்கினார். "எம் மகன் வண்டி எடை கொறைவு. இந்த வெற்றி செல்லாது. தப்பு என் கையாலதான் நடந்தது. ஆனா எடைமேடைக்கு அதெல்லாம் தெரியாது."

அந்தப் பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. பிறகு, இரண்டாவதாக வந்திருந்த, பிழைப்புக்குப் பார்சல் வேன் ஓட்டும் தங்கையிடம் நடந்தான். அவள் கையைப் பிடித்து உயரே தூக்கினான். "அக்கா, நீங்கதான் ஜெயிச்சீங்க. எங்கம்மாவுக்கு ஒரு நன்றி சொல்லிருங்க!"

அப்போது எழுந்ததே ஓர் ஆரவாரம்! அதை எந்தப் பணத்தால் வாங்க முடியும்? எந்தத் திரையில் காட்ட முடியும்?

அடுத்த பந்தயத்தன்று வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. பாதி வண்டிகளில் பெரிய சங்கத்தின் ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது. "ஏம்ப்பா இங்க வந்தீங்க?" என்று ஓர் ஓட்டுநரைக் கேட்டேன். "அங்க ஏன் தோத்தேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல சார். இங்க தோத்தா, காரணத்தையாவது கண்ணால பாத்துட்டுப் போவேன்" என்றார்.

தோழர்களே! வெல்கிறவனை எல்லாச் சங்கமும் கொண்டாடும். தோற்றவனும் தலைநிமிர்ந்து வீடு திரும்பும் சங்கம் எது? அது நம் சங்கம்! அடுத்த ஆண்டு தொடக்கக் கோட்டில் இடம் போதாமல் தடத்தை அகலப்படுத்துகிறோமே, எந்தச் சங்கம்? நம் சங்கம்!

நேற்று அந்தப் பெரிய சங்கத்திலிருந்தே எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. "நாங்களும் வெளியிலேயே சோதிக்கலாம்னு இருக்கோம். அந்த எடைமேடை எந்தக் கடைல வாங்குனீங்க?"

"கடை விலாசம் தாராளமாத் தரேன் சார்" என்றேன். "ஆனா பெத்த புள்ளைய அதுமேல ஏத்தி நிறுத்துற அம்மா அந்தக் கடைல கிடைக்க மாட்டாங்க."

கைதட்டல் எனக்கு வேண்டாம். அவரைப் பார்த்துத் தட்டுங்கள்! பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும் நன்றி. முடிக்கச் சொன்ன தம்பிக்குத் தனி நன்றி. வணக்கம்!